சுருக்கமும் இழப்பும்

நுழையும்முன்

கல்லூரிச் சேர்க்கை, உதவித்தொகை, போட்டித்தேர்வு என எதற்கு விண்ணப்பித்தாலும் ஒளிப்படத்தை இணையவழியில் பதிவேற்ற வேண்டியுள்ளது. ‘கோப்பின் அளவு 50 கிலோபைட்டுக்கு மிகாமல் இருத்தல் வேண்டும்’ என்பது போன்ற குறிப்பும் உடன் வருகிறது. திறன்பேசி எடுக்கும் படமோ அதனினும் பல மடங்கு பெரியது. அதனைச் சிறிதாக்குவது எவ்வாறு? சிறிதாக்கும்போது நாம் இழப்பது எது? இவ்வினாக்களை ஆராய்கிறது இக்கட்டுரை.

புள்ளிகளால் ஆன படம்

திறன்பேசித் திரையில் தோன்றும் ஒளிப்படம் நம் கண்ணுக்குத் தொடர்ச்சியான காட்சி. கணினிக்கு அஃது எண்களின் அடுக்கு. 1957ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தேசியத் தரநிலைகள் நிறுவனத்தில் பணியாற்றிய ரசல் கிர்ஷ், தம் குழந்தையின் ஒளிப்படம் ஒன்றை வருடியின் வழியே கணினிக்குள் செலுத்தினார். அப்படத்தில் நீளத்திற்கு 176, அகலத்திற்கு 176 என 30,976 புள்ளிகளே இருந்தன.

இன்று 12 மெகாபிக்சல் திறன்கொண்ட படக்கருவி எடுக்கும் படத்தில் அகலத்திற்கு 4000, உயரத்திற்கு 3000 என ஒரு கோடியே இருபது இலட்சம் படப்புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று அளவுகளால் குறிக்க மூன்று பைட்டுகள் தேவை. ஆக, அப்படம் 36 மெகாபைட்டு இடத்தை அடைக்க வேண்டும். ஆயின் திறன்பேசியில் அது பெரும்பாலும் சில மெகாபைட்டுகளாகவே சேமிக்கப்படுகிறது. நாம் ‘மூலப்படம்’ என்று கருதுவதும் ஏற்கெனவே ஒருமுறை சுருக்கப்பட்டதே என்பது இதனால் விளங்கும்.

இருவகைச் சுருக்கம்

சுருக்கம் இருவகைப்படும். ‘நீலம்’ என்பதை நூறுமுறை எழுதாமல் ‘நீலம், நூறு முறை’ என்று எழுதினால் இடம் குறைகிறது, பொருள் குறைவதில்லை. விரித்து எழுதினால் பழைய வடிவம் முழுமையாகக் கிடைக்கும். இது இழப்பில்லாச் சுருக்கம். பி.என்.ஜி. வகைக் கோப்புகள் இம்முறையில் அமைந்தவை.

மற்றொன்று இழப்புள்ள சுருக்கம். இதில் சில தகவல்கள் நிலையாக நீக்கப்படுகின்றன. திறன்பேசிகளில் பெரிதும் வழங்கும் ஜேபெக் வகைக் கோப்பு இதனைச் சார்ந்தது. எதை நீக்கினால் கண் எளிதில் உணராது என்று அறிந்து நீக்குவதே இம்முறையின் நுட்பம்.

கண்ணை அறிந்த கணிதம்

இந்நுட்பத்திற்கு அடிப்படையான ‘தனித்த கொசைன் உருமாற்றம்’ என்னும் கணிதமுறையை 1974ஆம் ஆண்டில் நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகிய மூவரும் வெளியிட்டனர். நசீர் அகமது பெங்களூரில் பிறந்தவர். ராவ் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்றவர். இவ்வாய்வுக்காக அகமது 1972இல் நிதியுதவி கோரியபோது, கருத்து மிக எளிமையானது என்னும் குறிப்புடன் அது மறுக்கப்பட்டது. ஆயினும் அவர் முயற்சியைக் கைவிடவில்லை. 1992இல் ஜேபெக் தரநிலை உருவானபோது அம்முறையே அதன் உயிர்நாடியாக அமைந்தது.

அது செயற்படும் விதம் அறியத்தக்கது. மனிதக்கண் ஒளியின் ஏற்றத்தாழ்வை நுட்பமாக உணரும். நிறத்தின் சிறு வேறுபாட்டை அவ்வளவு உணராது. எனவே நிறத் தகவல் முதலில் குறைக்கப்படுகிறது. பின்னர்ப் படம், பக்கத்திற்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட சிறு சதுரங்களாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு சதுரத்திலும் உள்ள 64 அளவுகள், மெல்ல மாறும் சாயல்கள் எனவும் விரைந்து மாறும் நுணுக்கங்கள் எனவும் உருமாற்றத்தால் பகுக்கப்படுகின்றன. கண் எளிதில் காணாத நுணுக்கங்கள் தோராயமாக்கப்படுகின்றன. அவற்றுட் பல சுழியமாகின்றன. தொடர்ந்து வரும் சுழியங்களைச் சில குறிகளில் எழுதிவிடலாம். செயலிகளில் ‘தரம்’ என்னும் அளவைக் குறைக்கும்போது, மேலும் பல எண்கள் சுழியமாகின்றன, கோப்பும் சிறுக்கிறது.

வானம், சுவர் போன்ற பரப்புகளில் சுருக்கம் அளவாக இருக்கும்வரை இவ்விழப்பு எளிதில் தோன்றுவதில்லை. கூர்மையான விளிம்புகளில் அது மிகுதியாக வெளிப்படும். எழுத்துகள் முழுதும் விளிம்புகளால் ஆனவை. ஆதலால் சான்றிதழின் படத்தை மிகுதியாகச் சுருக்கினால் எழுத்துகளைச் சுற்றி மங்கல் படியும். மெய்யெழுத்தின் மேலுள்ள புள்ளி மறையும்.

ஓலை தரும் படிப்பினை

புள்ளி மறைவதால் நேரும் இடர் தமிழுக்குப் புதிதன்று. ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை துளைபட்டுச் சிதையும். ஆகவே ஏடெழுதுவோர் பெரும்பாலும் புள்ளிகளை விடுத்தே எழுதினர். எகர, ஒகரங்களின் குறிலுக்குரிய புள்ளியும் இடம்பெறாததால் ‘எரி’, ‘ஏரி’ ஆகிய இரு சொற்களும் ஒரே வடிவில் நின்றன. மொழியறிந்தவர் இடம்நோக்கி நெருப்பையும் நீர்நிலையையும் பிரித்தறிந்தனர். இருபொருளும் பொருந்தும் இடங்களிலோ நூலாசிரியர் கருதியது எதுவெனத் துணிதல் அரிதாயிற்று. வேறு ஏடுகளோடு ஒப்பிட்டே பதிப்பாசிரியர்கள் பாடத்தைத் தெளிய வேண்டியிருந்தது.

நீக்கியதைப் படிப்பவர் தம் அறிவால் நிரப்பிக்கொள்ள முடியும்வரை சுருக்கம் பயன்தரும். முடியாத இடத்தில் அது பொருளையே மாற்றிவிடும். ஒளிப்படத்திற்கும் இது பொருந்தும்.

சுருக்கும் முறை

படத்தைச் சுருக்குவதற்கு ஒரு வரிசைமுறை உண்டு.

முதலாவது, படியெடுத்தல். மூலப்படத்தை அப்படியே வைத்துவிட்டு, அதன் படியொன்றில் மட்டுமே மாற்றம் செய்தல் வேண்டும்.

இரண்டாவது, வெட்டுதல். தேவையற்ற பின்புலத்தை நீக்கினால் முகத்தின் தெளிவு குறையாமலே அளவு குறையும்.

மூன்றாவது, புள்ளிகளைக் குறைத்தல். 4000 × 3000 அளவுள்ள படத்தை 2000 × 1500 ஆக்கினால் பக்கங்கள் பாதியாகின்றன, புள்ளிகளோ கால்பங்காகின்றன. 3.5 செ.மீ. அகலமும் 4.5 செ.மீ. உயரமும் உள்ள விண்ணப்பப் படத்திற்கு, ஓர் அங்குலத்திற்கு 300 புள்ளிகள் என்னும் கணக்கில் ஏறத்தாழ 413 × 531 புள்ளிகளே போதும்.

நான்காவது, தரத்தைக் குறைத்தல். இதனை இறுதியிலேயே செய்தல் நன்று. புள்ளிகளைக் குறைக்காமல் தரத்தை மட்டும் குறைத்தால் முகம் கட்டம்கட்டமாகச் சிதையும்.

ஐந்தாவது, சரிபார்த்தல். சுருக்கிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, பெயரும் பதிவெண்ணும் ஐயமின்றிப் படிக்க இயலுகின்றனவா என்று உறுதிசெய்தல் வேண்டும். கோப்பின் வகை கேட்கப்பட்டவாறு உள்ளதா என்றும் நோக்குதல் வேண்டும்.

மூலத்தைக் காத்தல்

ஜேபெக் படத்தைத் திருத்தி மீண்டும் மீண்டும் சேமித்தால், அது பெரும்பாலும் ஒவ்வொரு முறையும் புதிதாகச் சுருக்கப்பட்டு இழப்பு பெருகும். செய்திச் செயலிகளும் படங்களை அனுப்பும்போது வழக்கமாகத் தாமே சுருக்கிவிடுகின்றன. ஆவணமாக இணைத்து அனுப்பினால் பொதுவாக மூல அளவு மாறுவதில்லை. நினைவகம் நிறைந்துவிட்டது என்று மூலத்தை அழித்துவிட்டு, செயலியில் வந்த சிறுபடியை மட்டும் வைத்துக்கொள்வோர் பலர். திறன்பேசித் திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். பல்லாண்டு கழித்து, மறைந்த பாட்டியின் படத்தைச் சுவரில் மாட்டப் பெரிதாக்கும்போதுதான் வேறுபாடு தெரியும். அழிந்த புள்ளிகளைச் செயலிகள் ஊகித்து நிரப்பலாம். அவ்வாறு நிரப்பப்படும் முகச்சுருக்கங்கள் பாட்டியுடையவை அல்ல.

ஆகவே ஒரே நாளில் எடுத்த பல படங்களுள் தேவையற்றவற்றை நீக்குக. எஞ்சியவற்றின் மூலத்தைக் கணினியிலோ தனி நினைவகத்திலோ இரண்டிடங்களில் சேமித்திடுக. அனுப்புவதற்கும் பதிவேற்றுவதற்கும் அவற்றின் படியைச் சுருக்கிப் பயன்படுத்துக.