ஐந்து பேர் சேர்ந்தால் ஒரு குடும்பம் வாழும்!

வியட்நாம் போர் 1975-ம் ஆண்டு முடிந்தது. அதன்பின் வியட்நாம், லாவோஸ், கம்போடியா நாடுகளில் இருந்து லட்சக்கணக்கானவர்கள் அகதிகளாக வெளியேறினார்கள். படகு ஏறியவர்களில் பலர் கடலிலேயே மாண்டார்கள்.

தப்பியவர்களில் சுமார் 60 ஆயிரம் பேருக்கு 1979, 1980-ம் ஆண்டுகளில் கனடா இடம் கொடுத்தது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களை வரவழைத்தது யார் தெரியுமா? பொதுமக்களும் மாதா கோவில் சங்கங்களும்தான்!

ஓராண்டு கெடு

1978-ல் அமுலுக்கு வந்த சட்டப்படி, ஐந்து பேர் சேர்ந்து ஓர் அகதிக் குடும்பத்தை ஏற்க முடிந்தது. வாடகை, உணவு, உடை எல்லாம் ஓராண்டுக்கு அவர்கள் பொறுப்பு. அதற்குள் அந்தக் குடும்பம் சொந்தக் காலில் நிற்கவேண்டும்.

பணம் மட்டும் போதுமா? வந்தவர்களுக்கு மொழி தெரியாது. உறைபனியைக் கண்டதில்லை. கம்பளிச் சட்டை வாங்க, பஸ் ஏற, பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க, டாக்டரிடம் நோயைச் சொல்ல, எல்லாவற்றுக்கும் துணை வேண்டும்.

முதல் தடவை கூடவே போகவேண்டும். அடுத்த தடவை வழி சொன்னால் போதும். பிறகு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். எல்லாவற்றையும் தாங்களே செய்து கொடுத்தால், கெடு முடிந்ததும் அந்தக் குடும்பம் தவித்துப் போகும்!

அகதிகளுக்கு உதவியதற்காக 1986-ம் ஆண்டு ஐ.நா. அகதிகள் அமைப்பின் நான்சென் விருது வழங்கப்பட்டது. அதைப் பெற்றது ஒரு தலைவர் அல்ல. கனடா மக்கள் அனைவரும்!