உடல் உழைப்பும் மூளையும்

உழுபவருக்கும் நெய்பவருக்கும் தேகப்பயிற்சி எதற்கு என்று நம் அங்கத்தினர் சிலர் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதே. ஆயினும், ஏரின் பின்னே நடந்த கால்கள் இன்று டிராக்டரின் மீது ஓய்ந்திருக்கின்றன. சுற்றுக் கிராமங்களிலிருந்து இண்டூருக்கு நடந்து வந்தவர்கள் மோட்டார் சைக்கிளில் வருகின்றனர். உழைப்புக் குறையும்போது உடலிலும் மூளையிலும் நிகழ்வது யாது என்பதை நாம் அறிந்திருத்தல் நலம்.

சணல் ஆலை ஆராய்ச்சி

இத்துறையில் பிறநாட்டாரும் எடுத்துக்காட்டும் ஆராய்ச்சியொன்று நம் நாட்டிலேயே நடந்தது. மேற்கு வங்காளத்துச் சணல் ஆலையொன்றில் 213 ஆடவரின் உணவு, எடை, வேலை ஆகியவற்றை ழான் மேயர், பூர்ணிமா ராய், மித்ரா ஆகியோர் ஆராய்ந்து, 1956-ல் முடிவை வெளியிட்டனர். குமாஸ்தாக்கள், நெசவாளர், சுமை தூக்குவோர், கடையில் அமர்ந்து விற்போர் எனப் பலரும் அதில் அடங்குவர். இலேசான வேலை முதல் கடின வேலை வரை, உழைப்பு ஏற ஏற உணவும் ஏறியது, எடை ஏறவில்லை. இதில் வியப்பில்லை. ஆனால் நாள் முழுதும் உட்கார்ந்திருந்தோர், கடும் உழைப்பாளிகளுக்கு ஏறக்குறைய நிகராக உண்டனர். எடையிலும் அவர்களே மிஞ்சி நின்றனர்.

இதன் காரணம் யாது? பசியை அளப்பது வயிறு மட்டுமன்று. மூளையின் அடிப்புறத்திலுள்ள ஹைப்போதாலமஸ் என்னும் சிறு பகுதியும் அதனை ஆள்கிறது. ஓரளவேனும் அசையும் உடலில் செலவுக்குத் தக்க பசி எழுகிறது. அசைவு மிகக் குன்றினால் அந்த வரவு செலவுக் கணக்குப் பிசகிவிடுகிறது என்பது மேயரின் கருத்து. 1954-ல் அவர் நடத்திய சோதனையிலும், நாள்தோறும் சிறிது நேரம் ஓடவிடப்பட்ட எலிகள், ஓடாத எலிகளைவிடக் குறைவாகவே தின்றன.

ஞாபக சக்தி

நடையின் பயன் பசியோடு நிற்பதன்று. அமெரிக்காவில் முதியோர் 120 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை வாரம் மூன்று நாள், 40 நிமிடம் வேகமாக நடக்கச் செய்தனர். மற்றவர் உடலை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தனர். ஓராண்டில், நடந்தோரின் மூளையில் நினைவுக்குரிய பகுதி சுமார் 2 சதவிகிதம் பெருத்தது. மற்றவர்க்கு அது சுருங்கியது. இம்முடிவு 2011-ல் வெளியாயிற்று. பின்வந்த சோதனைகள் அனைத்தும் இத்தகைய வளர்ச்சியைக் காட்டவில்லை. ஆயினும் முதுமையின் தேய்வை நடை மட்டுப்படுத்துகிறது என்பதற்குச் சான்றுகள் உள்ளன.

நீரிழிவு பற்றியும் ஒரு சொல். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், அந்நோயை நெருங்கியிருந்த 531 பேரை மூன்றாண்டு கவனித்து, 2006-ல் முடிவை வெளியிட்டனர். வழக்கம்போல் வாழ்ந்தவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு நோய் வந்தது. நடையும் உணவுக் கட்டுப்பாடும் மேற்கொண்டவர்களில் 39 பேருக்கே வந்தது. நோய் வந்தபின் மருந்துக்குச் செல்லும் பணம் நம் சேமிப்பிலிருந்தே போகிறது என்பதை நினைவிற்கொள்க.

நாம் செய்யத்தக்கது

வயலில் நாள் முழுதும் உடல் வருந்த உழைப்பவருக்குத் தனிப் பயிற்சி அவ்வளவாகத் தேவையில்லை. விசைத்தறியைக் கண்காணிப்போர், கணக்கெழுதுவோர், கடையில் இருப்போர் ஆகியோர் நாள்தோறும் அரைமணி நேரம் விரைந்து நடத்தல் வேண்டும். கைத்தறியாளருக்குக் கையும் காலும் இயங்கினும், நெடுநேரம் ஒரே இருக்கையில் குனிந்திருக்க நேர்கிறது. அவர்கள் மணிக்கொருமுறை எழுந்து சற்று உலாவுதல் நன்று. இதய நோயோ மூட்டு வலியோ உடையவர் மருத்துவரைக் கேட்டுத் தொடங்குக. இதற்குச் செலவு ஏதுமில்லை. காலையில் அரைமணி நேரமே வேண்டுவது.