பேறுகால எண்ணெயும் லேகியமும்: எது உதவும், எது ஆபத்து?

இன்னைக்கு எபிசோட் பிரசவத்தைப் பற்றி. வலி எடுக்கும்போதும் குழந்தை பிறந்த பிறகும் நாம் நம்பிப் பயன்படுத்துகிற எண்ணெய், கஷாயம், லேகியம் இதெல்லாம் உண்மையில் என்ன செய்கின்றன என்பதுதான் விஷயம். "நமக்கென்ன?"ன்னு ஸ்கிப் பண்ணிடாதீங்க. உங்க வீட்டில் யாராவது ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது பையைத் தூக்கிக்கிட்டு கூடப் போகப்போற ஆள் நீங்களா இருக்கலாம்.

எனக்கு இந்தக் கேள்வி வந்தது எங்க ஊர் கொடும்பாளூர்ல. திருச்சி–மதுரை ரோட்டில் விராலிமலை தாண்டினதும் வரும். மூவர் கோவில் ஊர்னு சொன்னா நிறைய பேருக்குத் தெரியும். அக்காவுக்கு இது எட்டாவது மாசம். அவ ஆன்லைன்ல லாவெண்டர் எண்ணெய் வாங்கி வச்சிருக்கா. அப்பத்தா சுக்கு, திப்பிலி, ஓமம், கருப்பட்டின்னு லேகியத்துக்குச் சேர்த்துக்கிட்டு இருக்கு. ரெண்டு பேருக்கும் அடுத்தவங்க சாமான் மேல நம்பிக்கை இல்லை. சரி, ரெண்டையும் ஒரே அளவுகோலில் பார்த்துவிடலாம்.

முதலில் லாவெண்டர். இங்கிலாந்தில், ஆக்ஸ்போர்டின் ஜான் ராட்கிளிஃப் மருத்துவமனையில் 1990 முதல் 8 வருடம் பிரசவ அறையில் வாசனை எண்ணெய்களைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். மொத்தம் 8,058 பெண்கள். பாதிப் பேருக்கு மேல் "உதவியா இருந்தது" என்றார்கள். பக்கவிளைவு சுமார் 1 சதவீதம் பேருக்குத்தான், அதுவும் லேசாக. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இதில் யாருக்கு எண்ணெய், யாருக்கு இல்லை என்பதைக் குலுக்கல் முறையில் பிரிக்கவில்லை. அப்படிக் குலுக்கல் முறையில் நடந்த 2 ஆய்வுகளை, 535 பெண்களை, 2011-ல் கோக்ரேன் குழு தொகுத்துப் பார்த்தது. வலியின் அளவில் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை.

அப்போ அந்தப் பெண்கள் சொன்னது பொய்யா? இல்லை. சாஃப்ட்வேர் வேலையில் ஒரு விஷயம் சொல்வோம்: ஒரே நேரத்தில் நாலு இடத்தில் கோடை மாத்திட்டு, பக் சரியாயிடுச்சுன்னா, எதனால் சரியாச்சுன்னு சொல்ல முடியாது. பிரசவ அறையிலும் எண்ணெய் தனியாக வருவதில்லை. இடுப்பை அழுத்தித் தேய்க்கும் ஒரு கை வருகிறது. பக்கத்தில் நின்று பேசும் ஓர் ஆள் வருகிறார்.

அந்த ஆளுக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. பிரசவம் முழுக்கக் கூடவே ஒருவர் இருந்தால் என்ன ஆகும் என்று 26 ஆய்வுகள், 15,000-க்கும் மேற்பட்ட பெண்களை வைத்து 2017-ல் கோக்ரேன் தொகுப்பு வெளியானது. சுகப்பிரசவம் அதிகம், சிசேரியன் குறைவு, வலி மருந்து குறைவு. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணையாக ஒரு பெண் உறவினரை உள்ளே விடும் வழக்கம் உண்டு. போகும்போதே கேட்டு வாங்குங்கள். பையில் வைக்கிற எந்த எண்ணெயையும்விட அது பெரிசு.

லாவெண்டர் பிடிச்சிருந்தா, கைக்குட்டையில் 2 சொட்டு போதும். பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கு அந்த வாசனை குமட்டலாம். தோலில் தேய்ப்பதென்றால் தேங்காய் எண்ணெயில் கலந்துதான். குடிக்கவே கூடாது. குழந்தை பிறந்ததும் மூடி வச்சிடுங்க. பிறந்த குழந்தை மார்பைத் தேடுவதில் தாயின் வாசனைக்குப் பெரிய பங்கு உண்டு. 1994-ல் வெளியான ஓர் ஆய்வில், கழுவிய மார்பைவிடக் கழுவாத மார்பைத்தான் பெரும்பாலான குழந்தைகள் தேடிப் போயின.

அடுத்தது விளக்கெண்ணெய். "குடிச்சா சீக்கிரம் வலி வந்துடும்"னு நம்ம பக்கம் சொல்வாங்க. இது வெறும் நம்பிக்கை இல்லை. அதிலிருந்து உடலில் உருவாகும் ரிசினோலெயிக் அமிலம் குடலையும் கர்ப்பப்பையையும் ஒரே வகை ஏற்பி வழியாகச் சுருங்க வைக்கிறது என்று எலிகளில் செய்த ஆய்வில் 2012-ல் கண்டுபிடித்தார்கள். அதாவது, வேலை செய்கிறது, அதனால்தான் பயப்படணும். வயிற்றுப்போக்கும் உடலில் நீர்க்குறைவும் வரும். முன்பு சிசேரியன் ஆனவருக்கு அந்தத் தழும்பில் கர்ப்பப்பை கிழியும் அபாயம் இருக்கிறது. மருத்துவர் சொல்லாமல் தொடக்கூடாது.

இப்போ அப்பத்தாவின் லேகியம். கெட்டது என்று சொல்ல எந்தக் காரணமும் இல்லை. தமிழ்நாடு அரசே 'அம்மா மகப்பேறு சஞ்சீவி' என்று 11 சித்த மருந்துகள் கொண்ட தொகுப்பைக் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தது. சாப்பாட்டோடு நெல்லிக்காய் அளவு லேகியம் சாப்பிடலாம். கர்ப்ப காலத்தில் சர்க்கரை இருந்தவர்கள் மட்டும் கருப்பட்டியைக் கணக்கில் வையுங்கள். பூண்டும் பால்சுறா புட்டும் நல்ல சாப்பாடுதான். ஆனால் பால் ஊறுவது முக்கியமாகக் குழந்தை அடிக்கடி குடிப்பதால்.

சிக்கல் லேகியத்தில் இல்லை, அதோடு ஒட்டிக்கொண்டு வரும் பத்தியத்தில். "தண்ணி நிறைய குடிக்காதே, வயிறு பெருத்துடும்" என்பது அதில் ஒன்று. பிரசவத்துக்குப் பிறகு சில வாரங்களுக்கு ரத்தம் இயல்பைவிட எளிதாக உறையும். உடம்பில் நீரும் குறைந்தால் மூளையின் ரத்தக்குழாயில் அடைப்பு வரலாம். மதுரையிலிருந்து 1983-லேயே, கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பிறகும் இப்படி மூளை ரத்தக்குழாய் அடைப்பு வந்த 135 பேரைப் பற்றிய ஆய்வு வெளியாகியிருக்கிறது. பிரசவம் முடிந்தவருக்கு விடாத தலைவலி, வாந்தி, வலிப்பு, கை கால் பலவீனம் வந்தால் "சளி பிடிச்சிருக்கு"ன்னு பத்துப் போட்டு உட்கார வைக்காதீங்க. உடனே ஆஸ்பத்திரி.

குழந்தைக்கு இன்னும் கறாராக இருக்கணும். வசம்பில் உள்ள பீட்டா அசரோன் என்ற பொருளால் அமெரிக்கா 1968-லேயே அதை உணவில் தடை செய்தது. நாக்கில் தேன் தடவுவதும் வேண்டாம். 1 வயதுக்கு முன் தேன் கொடுத்தால் பாட்டுலிசம் என்ற நோய் வர வாய்ப்பு உண்டு. 6 மாதம் தாய்ப்பால் மட்டும். தொப்புள்கொடியில் சாம்பல், மஞ்சள், எண்ணெய் எதுவும் போடாமல் உலர விடுங்கள்.

கடைசியாக, உயிர் போகிற விஷயம்: ரத்தப்போக்கு. குழந்தை பிறந்தவுடன் ஆஸ்பத்திரியில் போடும் ஆக்ஸிடோசின் ஊசி கர்ப்பப்பையைச் சுருக்கி ரத்தத்தை நிறுத்த உதவுகிறது. எந்தக் கஷாயமும் அந்த வேலையைச் செய்யாது. வீட்டுக்கு வந்த பிறகு 1 மணி நேரத்துக்குள் ஒரு பேட் முழுசா நனைந்தால், பெரிய கட்டியாக ரத்தம் போனால், மயக்கம் வந்தால், யோசிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஆக, எந்த இயற்கை மருந்தைப் பார்த்தாலும் 2 கேள்வி கேளுங்க. இது உள்ளே போகுதா, வெளியே தேய்க்கிறதா? இதை நம்பி தண்ணி, தாய்ப்பால், ஊசி, ஆம்புலன்ஸ் எதையாவது தள்ளிப் போடுறோமா? ரெண்டாவது கேள்விக்குப் பதில் 'ஆமாம்'னா, அது எத்தனை தலைமுறை மருந்தா இருந்தாலும் வேண்டாம். எங்க வீட்டில் இப்போதைக்கு முடிவு இதுதான்: லேகியம் உண்டு, லாவெண்டர் உண்டு, ஒரு பெரிய தண்ணி பாட்டிலும் உண்டு. அக்கா கூட உள்ளே போகப்போறது அப்பத்தா.

உங்க வீட்டுப் பத்தியத்தில் இருக்கும் விதிகளை எழுதி அனுப்புங்க, இன்னொரு எபிசோடில் பேசலாம்.