தெருவைக் காப்பது யார்? – அகமதாபாத் போள்களும் நம் அடுக்குமாடி வாசல்களும்

நவராத்திரி ஒன்பது இரவும் நம் அகமதாபாத் தெருக்கள் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கர்பா முடிந்து நள்ளிரவு தாண்டி, சணியா சோளி உடுத்திய பெண்பிள்ளைகள் இரண்டு பேர், மூன்று பேராக ஸ்கூட்டரில் சிரித்துக்கொண்டே வீடு திரும்புகிறார்கள். கழுத்தில் கிடப்பது கவரிங்தான் என்றாலும், பறிக்க வருகிறவனுக்கு இருட்டில் அது தெரியவா போகிறது? தசரா முடிந்த மறு வாரம், அதே தெருவில் இரவு ஒன்பதரைக்கு மருந்துக் கடை வரை போய்வர நம் வீட்டுப் பெண்கள் துணை தேடுகிறார்கள். தெரு அதேதான். விளக்குக் கம்பமும் அதேதான். அந்த ஒன்பது நாளும் போலீஸ் பந்தோபஸ்து கூடுதல் என்பது உண்மை. ஆனால் ஒவ்வொரு சந்திலுமா போலீஸ் நிற்கிறது? மாறியது பெரும்பாலும் ஆள் நடமாட்டம்தான்.

இந்த விஷயத்தை நான் யோசிக்கத் தொடங்கியதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் குடியிருப்பின் பொதுக்குழுவில், சுற்றுமதிலை இன்னும் மூன்றடி உயர்த்தி முள்கம்பி போடலாமா என்று கேட்டார்கள். எல்லாரும் கை தூக்கப் போகிற நேரத்தில் நான் மட்டும் வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார்கள். அங்கே ஐந்து நிமிடத்தில் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். நான் நகரமைப்பு படித்தவன் அல்ல. படிப்பு பழைய எஸ்.எஸ்.எல்.சி., தொழில் துணி வியாபாரம். பிழை இருந்தால் பெரியோர் திருத்தலாம்.

1982-ல் வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மஸ்கதி மார்க்கெட்டில் கணக்கெழுத இந்த ஊருக்கு வந்தேன். தங்கியது பழைய நகரத்துப் போள் ஒன்றில், மூன்றாம் மாடி அறை. தகரப் பெட்டியோடு போள் வாசலுக்குள் நுழைந்த முதல் நாள், வீட்டு முன் மேடையில் உட்கார்ந்து கோதுமை புடைத்துக்கொண்டிருந்த ஒரு பாட்டியம்மா, "கோனா கேர் ஜவு சே?" என்றார். யார் வீட்டுக்குப் போகணும் என்று அர்த்தம். பத்தடி போனதும் இன்னொருவர் அதையே கேட்டார். அறை போய்ச் சேர்வதற்குள் நாலு பேருக்குப் பதில் சொன்னேன். இது என்ன, போலீஸ் ஸ்டேஷனா என்று எரிச்சலாகத்தான் இருந்தது. ஆறு மாதம் கழித்து, முதலாளியின் வசூல் பணத்தை மடியில் கட்டிக்கொண்டு இரவு பதினொரு மணிக்கு அதே சந்தில் பயமில்லாமல் நடந்தபோதுதான் அந்தக் கேள்வியின் அருமை புரிந்தது.

போள் என்ற சொல்லே வாசலைக் குறிக்கும் 'பிரதோளி' என்ற வடசொல்லின் வழியே வந்தது என்பார்கள். 1411-ல் அகமது ஷா அமைத்த நகரத்தின் மதிலுக்குள் இப்படி நூற்றுக்கணக்கான போள்கள் உண்டு. 2017-ல் யுனெஸ்கோ இந்நகரை உலகப் பாரம்பரிய நகரமாக அறிவித்ததும் இவற்றை முன்னிட்டே. இந்தியாவில் அந்தப் பெயர் பெற்ற முதல் நகரம் நம்முடையதுதான். மரச் சிற்பங்களைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். என் கண்ணுக்குப் பட்டது வேறு. வீட்டுக்கும் தெருவுக்கும் நடுவில் 'ஓட்லோ' என்று ஒரு மேடை. நம் திண்ணைக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று சொல்லலாம். அது முழுக்க வீடும் இல்லை, முழுக்கத் தெருவும் இல்லை. காய் நறுக்குவது, பேரப்பிள்ளைக்குச் சோறூட்டுவது, பேப்பர் படிப்பது எல்லாம் அங்கேதான். மாடி ஜன்னல்கள் சந்தைப் பார்த்தே இருக்கும். நடுவில் சிறு சதுக்கம், அதில் புறாக்களுக்குத் தானியம் போடும் சபூத்ரோ, ஒரு கோவில் அல்லது தேராசர். யாரும் காவலுக்கு என்று அங்கே உட்காருவதில்லை. அவரவர் வேலைக்காக உட்கார்ந்தார்கள்; காவல் தானாக நடந்தது.

இதை ஓர் அமெரிக்கப் பெண்மணி 1961-லேயே எழுதியிருக்கிறார் என்பது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. அப்போது எல்லிஸ் பாலத்தடியில் ஞாயிறுதோறும் கூடிய குஜரி பஜாரில் பழைய புத்தகக் குவியலிலிருந்து எடுத்து வந்தேன். ஜேன் ஜேக்கப்ஸ் எழுதிய 'அமெரிக்கப் பெருநகரங்களின் சாவும் வாழ்வும்' என்ற நூல். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மழைக்காலம் முழுதும் படித்தேன். அந்த அம்மாளுக்கும் கல்லூரிப் பட்டம் கிடையாது. பத்திரிகையில் வேலை பார்த்தவர். நியூயார்க்கில் ஹட்சன் தெருவில் குடியிருந்து, ஜன்னல் வழியே பார்த்ததை வைத்தே நிபுணர்களை எதிர்த்து எழுதினார். அவர் சொன்னதன் சாரம் இது: தெருவின் அமைதியை முதலில் காப்பது போலீஸ் அல்ல, அங்கே புழங்கும் மக்களே. அதற்கு மூன்று வேண்டும். எது பொது இடம், எது தனி இடம் என்பது தெளிவாக இருக்கணும். தெருவைத் தன் தெருவாகப் பார்க்கும் கண்கள் வேண்டும். கட்டடம் தெருவுக்கு முதுகைக் காட்டக் கூடாது. ஆள் நடமாட்டம் விட்டுப்போகாமல் இருக்கணும்.

அதில் ஒரு சம்பவம் வருகிறது. ஒரு சிறுமியை ஒரு ஆள் கூப்பிட, அவள் வரமாட்டேன் என்று சுவரோரம் விறைத்து நிற்கிறாள். ஜேக்கப்ஸ் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டு, தலையிடலாமா என்று யோசிக்கிறார். அதற்குள் கீழே இறைச்சிக் கடைக்கார அம்மாள் வெளியே வந்து நிற்கிறார். பூட்டுக் கடைக்காரரும் இன்னும் சிலரும் வந்து சூழ்ந்துகொள்கிறார்கள். கடைசியில் பார்த்தால் அந்த ஆள் சிறுமியின் தகப்பனார்தான். சமணனான நான் இறைச்சிக் கடை வாசலை மிதிக்க மாட்டேன்; ஆனால் அந்தத் தெருவில் அந்த அம்மாள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அன்று யோசித்தேன்.

கடைகள் தெருவைக் காக்கும் விதத்தை ஜேக்கப்ஸ் புத்தகத்தில் தேட வேண்டியதில்லை. மாணேக் சௌக் போதும். காலையில் காய்கறிச் சந்தை, பகலில் தங்கம் வெள்ளி வியாபாரம், பொழுது சாய்ந்து நகைக்கடை ஷட்டர்கள் இறங்கியதும் சாப்பாட்டுக் கடைகள். நள்ளிரவு தாண்டியும் குடும்பம் குடும்பமாகச் சாப்பிடுகிறார்கள். (சூரியன் மறைந்தபின் உண்பதில்லை என்ற விரதத்தை இளமையில் நான் அங்கேதான் பலமுறை கெடுத்துக்கொண்டேன்.) பூட்டிய நகைக்கடைக்கு முன்னால் அத்தனை பேர் உட்கார்ந்து தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தால் எவன் பூட்டில் கை வைப்பான்? ஒரே இடத்தை மூன்று தொழில்கள் முறை போட்டுக் காக்கின்றன. நம் மதுரைக்காஞ்சி மதுரையின் நாளங்காடியையும் அல்லங்காடியையும் தனித்தனியே சொல்கிறது. கவனித்துப் படித்தால் இன்னொன்றும் தெரியும். கடைகள் அடைத்து ஊர் உறங்கிய பிறகான யாமத்தில்தான் அந்தப் பாட்டில் கள்வர் வருகிறார்கள். அவர்களைத் தேடும் ஊர்க்காவலரும் அப்போதுதான் வருகிறார்கள்.

ஜேக்கப்ஸுக்குப் பிறகு ஆஸ்கர் நியூமன் என்ற கட்டடக் கலைஞர் 1972-ல் இதையே கணக்குப் போட்டுப் பார்த்தார். நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரு தெருவின் இரு பக்கமும் இரண்டு அரசுக் குடியிருப்புகள். குடியிருப்பவர்களும் நெருக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி. ஒன்று மூன்று முதல் ஆறு மாடி. மற்றதில் பெரும்பாலும் பதினான்கு மாடிக் கட்டடங்கள். குற்றம் உயரமான பக்கத்தில்தான் அதிகம். பல குடும்பங்களுக்குப் பொதுவான லிஃப்ட், நடைவழி, படிக்கட்டு எதையும் யாரும் தன்னுடையது என்று நினைப்பதில்லை என்றார். மறுத்தவர்களும் உண்டு. கட்டடத்தை மட்டும் குறை சொல்லிவிட்டு, வேலையில்லாத கொடுமையையும் பராமரிப்புக்குப் பணம் இல்லாததையும் மறந்துவிட்டார் என்றார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஓட்லோ கட்டிவிட்டால் திருட்டு ஒழிந்துவிடும் என்று நானும் சொல்ல வரவில்லை.

போளைப் புகழ்ந்துவிட்டு அதன் மறுபக்கத்தை மறைப்பது நேர்மை ஆகாது. எனக்கு அந்த அறை எப்படிக் கிடைத்தது தெரியுமா? மதராசி என்றதும் வீட்டுக்காரர் தலையாட்டி மறுத்துவிட்டார். ஜைனன் என்றேன், தமிழ்நாட்டில் ஜைனரா என்று சிரித்தார். நவகார மந்திரத்தை நின்ற இடத்திலேயே சொல்லிக் காட்டிய பிறகுதான் சாவி கைக்கு வந்தது. அது தெரியாத ஒரு தமிழன், அம்ராய்வாடியில் ஆலைத் தொழிலாளியாக இருந்த நம்மவரில் ஒருவர், வந்திருந்தால்? 1985 கலவரத்தில் ஊரடங்கு போட்டபோது போள் கதவை இழுத்துச் சாத்தினார்கள். உள்ளே பால் பங்கு போட்டுக்கொண்டோம், சீட்டாடினோம், தைரியமாக இருந்தோம். ஆனால் கதவுக்கு அந்தப் பக்கம், நூறு அடி தள்ளி, இன்னொரு மதத்தாரின் சந்தில் என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது; தெரியாததால் எதைச் சொன்னாலும் நம்பினோம். பகல் முழுக்கத் திறந்து கிடக்கும் வாசல் பயத்தைக் குறைக்கிறது. மூடிய வாசல் பயத்தை உள்ளே வைத்து வளர்க்கிறது. இரண்டையும் ஒரே கதவில் பார்த்தவன் நான்.

இனி எங்கள் குடியிருப்புக்கு வருகிறேன். நகரின் மேற்கே, எல்லாருடையதைப் போலவும்தான். கீழ்த்தளம் முழுக்க வண்டி நிறுத்தம். இங்கே 'ஹாலோ பிளிந்த்' என்பார்கள். ஆகவே தெரு மட்டத்தில் ஒரு வீடும் இல்லை, ஒரு ஜன்னலும் இல்லை. சுற்றி எட்டடி மதில். முன்பு கேட் ஓரம் வேப்பமரத்தடியில் ஒரு இஸ்திரிக்காரர், ஒரு டீ லாரி, ஒரு இளநீர் லாரி இருந்தன. (புதிதாக வந்தவர்களுக்கு: இங்கே லாரி என்றால் தள்ளுவண்டி.) 2016-ல், கண்ட ஆள் கூடுகிறான், பாதுகாப்பு இல்லை என்று நாங்களே தீர்மானம் போட்டு மூன்றையும் அப்புறப்படுத்தினோம். நானும் கையெழுத்துப் போட்டேன்; அதை ஒளிக்க விரும்பவில்லை. வாசல் சுத்தமானது. எட்டு கேமரா வைத்தோம். சில மாதத்துக்குள், காலை ஏழு மணிக்கு நடைப்பயிற்சி போன எதிர் பிளாக் அம்மாவின் சங்கிலியை பைக்கில் வந்த இருவர் பறித்துக்கொண்டு போனார்கள். நல்ல வெளிச்சம், அகலமான தெரு, கேமராவில் தெளிவான படம். படத்தில் தெரிந்தது இரண்டு ஹெல்மெட்கள்.

இதற்குப் பிறகுதான் மதிலை உயர்த்தும் பேச்சு. பெண்கள் எங்கே, எதற்குப் பயப்படுகிறார்கள் என்று அவர்களையே நடக்கவிட்டுக் கேட்கும் முறை ஒன்று இருக்கிறது. 1989-ல் கனடாவின் டொரொண்டோவில் தொடங்கியது. டெல்லியில் ஜாகோரி என்ற பெண்கள் அமைப்பு அதைச் செய்திருக்கிறது. 2012 டிசம்பர் கொடுமைக்குப் பிறகு, 2013-ல் சேஃப்டிபின் என்ற கைபேசிச் செயலியே வந்தது. வெளிச்சம், திறந்தவெளி, நடைபாதை, பஸ் வசதி, எத்தனை பேர் இருக்கிறார்கள், அதில் பெண்கள் எத்தனை, நம்மைப் பார்க்கக்கூடிய ஜன்னலும் கடையும் உண்டா என்று கேட்டு மதிப்பெண் போடுவது. என் மருமகள் வேலை முடிந்து பி.ஆர்.டி.எஸ். நிறுத்தத்திலிருந்து நடந்துதான் வருகிறாள். "மாமா, நீங்க வேணா ஒருநாள் என் கூட நடந்து பாருங்க" என்றாள். நோட்டுப் புத்தகத்தோடு இரவு ஒன்பது மணிக்கு நடந்தேன்.

நானூற்றுச் சொச்சம் தப்படி. விளக்குகள் எல்லாம் எரிகின்றன. ஆனால் வெளிச்சம் நடுரோட்டில் விழுகிறது, நடைபாதையை மரக்கிளை மறைக்கிறது. நடைபாதையில் கார்கள் நிற்பதால் மதிலுக்கும் காருக்கும் நடுவில் ஒரு குகை மாதிரி வழி. எங்கள் மதிலும் அடுத்த குடியிருப்பின் மதிலும் சேர்ந்து நூற்று நாற்பது தப்படி. அதில் ஒரு கதவில்லை, ஒரு ஜன்னல் இல்லை. வழியில் பார்த்த பெண்கள் இரண்டு பேர். மருமகள் எந்த இடத்தில் நடையை வேகப்படுத்தினாள் தெரியுமா? சரியாக அந்த மதில் தொடங்கும் இடத்தில். "இங்கே கத்தினா யாருக்கும் கேக்காது மாமா" என்றாள். எங்களைக் காக்க நாங்கள் கட்டிய மதில்!

அவளுக்கு அந்த இடத்தில் இதுவரை ஒன்றும் நடந்ததில்லை. குற்றம் நடக்கும் இடமும் பயம் பிறக்கும் இடமும் எப்போதும் ஒன்றல்ல. சங்கிலி போனது காலை வெளிச்சத்தில், வேறு இடத்தில். ஆனாலும் பயம் மட்டுமே ஒரு நஷ்டம்தான். மாலை வகுப்பை விட்ட பெண்கள், தொலைவில் என்பதால் நல்ல வேலையை மறுத்தவர்கள் நம் சங்கக் குடும்பங்களிலேயே இருக்கிறார்கள். இவையெல்லாம் எந்தப் போலீஸ் கணக்கிலும் வராது. மும்பையைப் பற்றி ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் 2011-ல் எழுதிய நூல் இன்னும் ஒரு படி மேலே போகிறது. வேலை இல்லாமல் சும்மா தெருவில் நிற்கவும் பெண்ணுக்கு உரிமை வேண்டும் என்கிறார்கள். என் தலைமுறைக்கு அது கொஞ்சம் அதிகப்படியாகத் தோன்றும். ஆனால் ஆம்பிளைகள் நாம் டீ லாரியில் மணிக்கணக்காக நின்றதை யார் கேட்டார்கள்?

பொதுக்குழுவில் நான் கேட்டது மூன்று. இஸ்திரிக்காரரையும் வண்டிகளையும் திரும்பக் கூப்பிடணும். 2014-ல் வந்த தெரு வியாபாரிகள் சட்டம் அவர்கள் பிழைப்புக்கும் ஓர் இடம் தந்திருக்கிறது. மரக்கிளையைக் கழித்து, நடைபாதைக்குத் தனி விளக்குப் போடணும். மதிலை உயர்த்துவதற்குப் பதில், இடுப்பளவுக்கு மேலே இடித்து, அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தெரியும்படி இரும்புக் கிராதி வைக்கணும். பெரிய சத்தம் எழுந்தது. "அப்போ திருடன் உள்ளே எட்டிப் பார்ப்பானே காகா" என்றார் ஒரு இளைஞர். நாமும் வெளியே எட்டிப் பார்க்கலாமே தம்பி என்றேன்.

கிளையைக் கழித்துவிட்டார்கள். இஸ்திரிக்காரர் வேப்பமரத்தடிக்குத் திரும்பிவிட்டார். குடியிருப்பின் மீட்டரிலிருந்து ஒரு பல்பும் கொடுத்தோம், ராத்திரி ஒன்பதரை வரை எரிகிறது. லாரிகளுக்கு இன்னும் சம்மதம் வரவில்லை. மதில் விஷயம் அடுத்த பொதுக்குழுவுக்குத் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது. அதற்குள் கிராதிக்கு என்ன செலவாகும் என்று மூன்று இடத்தில் விலை கேட்டு வரச் சொல்லி, அந்த வேலையை என் தலையிலேயே கட்டியிருக்கிறார்கள்.