போபாலில் நிறுத்தி வைத்த குளிரூட்டி

டீ ஆறுவதற்குள் ஒரு வேதிப்பொருளின் குணத்தைத் தெரிந்துகொள்வோம். போபால் யூனியன் கார்பைடு ஆலையில் பூச்சிமருந்து தயாரிக்க மெத்தில் ஐசோசயனேட் என்ற திரவத்தைத் தேக்கி வைத்திருந்தார்கள். அதில் தண்ணீர் கலந்தால் சூடேறும். சூடேற ஏற வேகம் கூடி, கொதித்து, நச்சு ஆவியாகச் சீறும். பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டிக் குளிர வைத்திருந்தால் அந்த வேகம் மட்டுப்படும்.

1984 டிசம்பர் 2ஆம் தேதி இரவு, சுமார் 40 டன் இருந்த 610ஆம் எண் தொட்டிக்குள் தண்ணீர் புகுந்தது. எப்படிப் புகுந்தது என்று இன்றும் வழக்காடுகிறார்கள். புகுந்த பின் என்ன ஆனது என்பதுதான் எனக்கு முக்கியம். குளிரூட்டியை ஜூன் மாதமே நிறுத்திவிட்டார்கள். வாயுவை எரித்துவிடும் கோபுரத்தின் குழாய் துருப்பிடித்துக் கழற்றப்பட்டிருந்தது. பீய்ச்சியடித்த தண்ணீர் வாயு வெளியேறிய உயரத்தை எட்டவில்லை. ஊரை எழுப்ப வேண்டிய சங்கைக்கூடச் சற்று நேரத்தில் அணைத்துவிட்டார்கள்.

யாரும் எச்சரிக்கவில்லையா? 1981இலேயே அந்த ஆலையில் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு கசிந்து ஒரு தொழிலாளி இறந்திருந்தார். உள்ளூர்ப் பத்திரிகையாளர் ராஜ்குமார் கேஸ்வானி 1982இலிருந்து திரும்பத் திரும்ப எழுதினார். கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை.

அன்றிரவு ரயில் நிலையத்தில் பணியில் இருந்தவர் குலாம் தஸ்தகீர். கண் எரிந்து மூச்சு முட்டியபோதும், நின்றிருந்த கோரக்பூர் எக்ஸ்பிரஸை மேலிடத்து உத்தரவுக்குக் காத்திராமல் நேரத்துக்கு முன்பே அனுப்பிவைத்தார். போபால் பக்கம் வண்டி விடாதீர்கள் என்று மற்ற நிலையங்களுக்குத் தகவல் சொன்னார். அந்த நச்சுக்காற்று தந்த நோயோடு வாழ்ந்து 2003இல் இறந்தார்.

ஹமீதியா மருத்துவமனையில் நோயாளிகள் ஆயிரக்கணக்கில் குவிந்தபோது, எந்த வாயுவுக்கு வைத்தியம் பார்க்கிறோம் என்பதே டாக்டர்களுக்குத் தெரியாது. தண்ணீரோடு வினைபுரியும் அந்த வாயுவுக்கு ஈரத்துணியால் முகத்தை மூடுவதே ஓரளவு காப்பு. இவ்வளவு எளிய யோசனையை ஆலையை ஒட்டிய குடிசைகளுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லி வைக்கவில்லை என்பதை என்னால் மன்னிக்கவே முடியவில்லை. சில நாட்களில் ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள்.

பிழைத்தவர்களில் ரஷீதா பீ, சம்பா தேவி சுக்லா என்ற இரு பெண்கள் நியாயம் கேட்டுப் பல ஆண்டுகள் போராடினார்கள். 2004இல் தங்களுக்குக் கிடைத்த கோல்ட்மேன் விருதுப் பணத்தைக் கொண்டு, பாதிக்கப்பட்ட குடும்பங்களில் குறைபாட்டோடு பிறந்த குழந்தைகளுக்காகச் சிங்காரி அறக்கட்டளையைத் தொடங்கினார்கள்.