ஓரெழுத்து மாறினால்

விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ காசநோய்க்காகச் சளி கொடுத்தவர்களிடம், ‘லைன் புரோப்’ ஆய்வின் முடிவு வரச் சில நாள்கள் ஆகும் என்று சொல்லப்படுவதுண்டு. உலக சுகாதார நிறுவனம் 2008இல் பரிந்துரைத்த ஆய்வு அது.

டி.என்.ஏ. இரு புரிக் கயிறு போன்றது. எதிரெதிரே நிற்கும் எழுத்துகளே புரிகளைப் பிணைக்கின்றன: ஜி–சி இணைக்கு மூன்று ஹைட்ரஜன் பிணைப்புகள், ஏ–டி இணைக்கு இரண்டு. கிருமியின் டி.என்.ஏ.வைப் பெருக்கிப் புரி பிரித்து, பட்டையில் பதித்த சிறு துண்டுகளோடு 45 டிகிரி செல்சியசில் சேரவிடுவர். முழுதும் பொருந்தினால் ஒட்டும், கோடு தெரியும். ஓரெழுத்து மாறினாலும் பிடி தளர்ந்து, கழுவும்போது விலகிவிடும். ஆர்.பி.ஓ.பி. மரபணுவுக்குரிய கோடு இவ்வாறு மறைந்தால், ரிஃபாம்பிசின் பலிக்காதோ என்ற ஐயம் எழுகிறது.

வெப்பம் குறைந்தால் பொருந்தாததும் ஒட்டிக்கொள்ளும்; கூடினால் பொருந்தியதும் கழன்றுபோகும். ஆகவே கோடு தெளிவாக இல்லையெனில் ஆய்வை மீண்டும் செய்ய நேரிடும். அலைக்கழிக்கிறார்கள் என்று தோன்றலாம். பலிக்காத மருந்தை மாதக்கணக்கில் விழுங்குவதைவிட அது மேல்.

எச்சிலன்று, நெஞ்சின் ஆழத்திலிருந்து இருமியெடுத்த சளியையே கொடுங்கள். முடிவு வரும்வரை, மருத்துவர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.