தீ பாலிசி விசாரித்தவரிடம் மறுமுறை செல்லுமுன்

நம் உறுப்பினர்களில் சிலர் கடையோடு பொதுக் காப்பீட்டு முகவர் பணியும் பார்த்து வருகின்றனர். கடைக்குத் தீ பாலிசி போடலாமா என்று ஒருவர் வாய்விட்டால் போதும், மறுநாள் காலையே படிவத்துடன் போய் நிற்கிறார்கள். சரக்கு இறங்கும் நேரத்தில் யார் காது கொடுப்பார்கள்? மதியம் கூட்டம் ஓய்ந்தபின் செல்லுங்கள்.

பழைய பாலிசி என்று முடிகிறது, தீபாவளி சமயம் கடையிலும் கிடங்கிலுமாக எவ்வளவு சரக்கு நிற்கும் என்ற இரண்டை மட்டும் முதலில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். முடிய ஒரு மாதம் இருக்கும்போது மீண்டும் போகலாம். அதுவரை நச்சரிக்க வேண்டாம்.

போகும்போது கணக்கோடு போக வேண்டும். ரூ. 10 லட்சம் சரக்கை ரூ. 5 லட்சத்துக்கே காப்பீடு செய்தவருக்கு, ரூ. 2 லட்சம் சரக்கு தீயில் போனால், பாதி விகிதப்படி ரூ. 1 லட்சம்தான் கிடைக்கும். (2021 ஏப்ரலில் வந்த 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' பாலிசியில் 15 சதவீதம் வரையிலான குறைவுக்குக் கழிவு இல்லை.) இதை அவர் கடைத் துண்டுச்சீட்டிலேயே போட்டுக் காட்டுங்கள், வியாபாரிக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

கமிஷனில் பங்கு தருவதாகச் சொல்லி அவசரமாக முடிப்பதை 1938ஆம் ஆண்டு காப்பீட்டுச் சட்டத்தின் 41வது பிரிவு தடை செய்கிறது. அதைக் கேட்டு அடம்பிடிப்பவரை விட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போவதே நல்லது.